ஒன்றேகால் லட்சம் ஓடிய ஹைப்ரிட் காரை வாங்கலாமா?

நான்குவழிச் சாலையில் நாங்குநேரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் கார்களில் சில, இப்போதெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கின்றன. வரிசை நகர்ந்தால் சத்தமில்லாமல் நகர்கின்றன. தடுப்பு உயர்ந்து, வண்டி வேகம் பிடிக்கும்போதுதான் எஞ்சின் விழித்துக்கொள்கிறது. 2022 மே மாதம் ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட், செப்டம்பரில் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும், ஆண்டின் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் என்று ஒரே ஆண்டில் அடுத்தடுத்து வந்த கார்கள் இவை. அன்று ஷோரூமில் வாங்கியவர்களில் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் தினமும் அலைகிறவர்களின் வண்டிகள் இப்போது கைமாறும் வயதுக்கு வந்துவிட்டன. வள்ளியூரிலோ வண்ணார்பேட்டையிலோ நாகர்கோவிலிலோ பழைய கார் பார்க்கப் போனால் அப்படி ஒன்று கண்ணில் படலாம்.

"வண்டி ரொம்ப சுத்தம் அண்ணாச்சி. சிங்கிள் ஓனர். ஆனா ஒன்றேகால் லட்சம் ஓடிட்டு" என்பார் புரோக்கர், கடைசி வாக்கியத்தில் மட்டும் குரலை இறக்கி.

அந்த இடத்தில் வாங்க வந்தவர் பின்வாங்கிவிடுகிறார். பெட்ரோல், டீசல் வண்டிகளை வைத்து இரண்டு தலைமுறையாக நாம் படித்த கணக்கு அப்படி. எண்பதாயிரத்தில் கிளட்ச், லட்சத்தில் சஸ்பென்ஷன், அதற்கு மேல் போனால் எஞ்சின் வேலை. ஹைப்ரிட் என்றதும் இன்னொரு பயமும் கூடிவிடுகிறது: பேட்டரி போனால் என்ன ஆகும்? இந்தப் பயங்களில் ஒரு பாதிக்கு ஆதாரம் இல்லை. மறுபாதி நியாயமானதுதான், ஆனால் அது தவறான இடத்தைப் பார்க்கிறது. ஹைப்ரிட் பேட்டரியை மூப்படையச் செய்வதில் ஓடிய தூரத்தைவிடப் பெரிய பங்கு, கழிந்த ஆண்டுகளுக்கும் பட்ட வெப்பத்துக்கும் உண்டு. நம் பக்கத்தில் அதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஓடோமீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அந்த எண் எத்தனை ஆண்டில், எந்தச் சாலையில், எந்த நிழலில் சேர்ந்தது என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். விற்பவர் ஹைப்ரிட் என்று சொல்லும் வண்டி உண்மையில் எந்த வகை? 2015 செப்டம்பரில் மாருதி சியாஸ் டீசலில் எஸ்.எச்.வி.எஸ். என்ற முத்திரையுடன் ஓர் அமைப்பு வந்தது. சீக்கிரமே எர்டிகாவுக்கும் வந்தது. ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மின்இயந்திரம் ஒன்றை வைத்து, பெல்ட் வழியாக எஞ்சினோடு கோத்திருப்பார்கள். சிக்னலில் எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பும். முடுக்கும்போது சிறிது கைகொடுக்கும். அந்த மோட்டாரை மட்டும் நம்பி வண்டி ஓர் அடிகூட நகராது. இதை மைல்டு ஹைப்ரிட் என்பார்கள். மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் இதற்கும் சில காலம் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். குழப்பம் இன்னும் தீரவில்லை. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டிலும் ஒரே உடம்புக்குள் மைல்டும் உண்டு, ஸ்ட்ராங்கும் உண்டு. கையால் கியர் போடும் வண்டி என்றால் அது ஸ்ட்ராங் அல்ல, சந்தேகமே வேண்டாம். ஸ்ட்ராங் என்றால் எஞ்சின் சூடான பிறகு, பேட்டரியில் மின்னேற்றம் இருக்கும்போது, எஞ்சின் ஓடாமலே தெருமுனைவரை போய் வர வேண்டும். இந்தக் கட்டுரை ஸ்ட்ராங் வகையைப் பற்றியது. விலையிலும் வேலையிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம்.

பழைய ஹைப்ரிட் வாங்குகிறவருக்கு நான் முதலில் விளக்க விரும்புவது கியர்பாக்ஸை. ஓடிய தூரத்தைக் கண்டு ஏன் பதற வேண்டாம் என்பதற்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸில் இருந்த அடிப்படைதான், இன்று ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் ஹைகிராஸிலும் வேலை செய்கிறது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள், அவை கோள்கள். எல்லாவற்றையும் வளைத்து, உட்பக்கம் பற்கள் வெட்டிய ஒரு வளையம். கோள்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றுகிறது. சூரியனில் ஒரு ஜெனரேட்டர் இணைந்திருக்கிறது. வெளிவளையம் சக்கரங்களுக்கும் பெரிய மோட்டாருக்கும் போகிறது. முதல் தலைமுறைகளின் பிரியஸில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78. இந்த இரண்டு எண்களே எஞ்சினின் திருகுவிசையைப் பங்குபோட்டுவிடுகின்றன: 108இல் 78 பங்கு, அதாவது 72 சதவீதம், நேராகச் சக்கரங்களுக்கு, மீதி 28 சதவீதம் ஜெனரேட்டருக்கு. எப்போதும் இதே விகிதம்தான்.

விகிதம் மாறாதபோது கியர் எப்படி மாறுகிறது? ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கணினி அதைச் செய்கிறது. சூரியன் வேகமாகச் சுழன்றால், கார் மெதுவாகப் போகும்போதும் எஞ்சின் தனக்கு உகந்த வேகத்தில் ஓடலாம். சூரியனை மெதுவாக்கினால், கார் விரைவாகப் போகும்போது எஞ்சின் நிதானமாக ஓடலாம். பல்லை விட்டுப் பல் மாறுவது என்ற செயலே இதில் இல்லை. கிளட்ச் தட்டு இல்லை, டார்க் கன்வர்ட்டர் இல்லை, சாதாரண சி.வி.டி.யில் இருக்கும் எஃகு பெல்ட்டும் இல்லை. எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது. ஜெனரேட்டரே அதைச் செய்துவிடுகிறது. எண்ணெயில் மூழ்கிய சில பல்சக்கரங்களும் பேரிங்குகளும்தான் மிச்சம். ஒன்றேகால் லட்சம் ஓடிய சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர்பாக்ஸை நினைத்துத்தான் நான் முதலில் தயங்குவேன். இங்கே அது கடைசிக் கவலை. அதன் எண்ணெயை மாற்றியதற்கு சர்வீஸ் பில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஹோண்டா சிட்டியின் ஏற்பாடு வேறு: பெரும்பாலான நேரம் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும், மோட்டார் வண்டியை ஓட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைப் பிடிக்கும். அதிலும் படிப்படியாக மாறும் கியர் இல்லை.

எஞ்சினும் வேறு சாதிதான். இங்கிலாந்தின் ஜேம்ஸ் அட்கின்சன் 1880களில் காப்புரிமை பெற்ற யோசனையின் இன்றைய வடிவம் இது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். அமுக்கப்படுவது குறைவு, எரிந்தபின் விரிவது அதிகம். ஆகவே ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கூடுதல் வேலை கிடைக்கிறது. 2015இல் வந்த பிரியஸ் எஞ்சினுக்கு 40 சதவீத வெப்பத்திறன் என்று டொயோட்டா அறிவித்தது. பெட்ரோல் எஞ்சினுக்கு அது உயர்ந்த எண். இழுவையில் பலம் குறைவு என்பது இந்த எஞ்சினின் பலவீனம். அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. திணறி இழுக்க வேண்டிய கட்டாயம் எஞ்சினுக்குக் குறைவு. ஊருக்குள் ஓடோமீட்டர் ஏறும் நேரத்தில் கணிசமான பகுதி எஞ்சின் அணைந்தே இருக்கிறது.

ஆனால் எஞ்சினை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். 2010 முதல் 2015 வரையிலான பிரியஸ்களில் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். குழாய்களில் கரி படிந்து அடைத்து, ஹெட் கேஸ்கெட் போவது உலகறிந்த நோய். அது கிலோமீட்டரோடு வருவது. ஆகவே எந்த ஹைப்ரிடைப் பார்க்கப் போனாலும் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். முதல் முறை எஞ்சின் கிளம்பும்போது உடம்பு குலுங்க நடுங்கினால், கூலன்ட் அளவு குறைந்திருந்தால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். விற்பவர் நீங்கள் வருமுன் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தாலும் அதே முடிவுதான்.

பிரேக்கைப் பொறுத்தவரை ஓடிய ஹைப்ரிட் உங்களுக்கு ஆச்சரியம் தரும். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 180 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. மின்கட்டணக் கணக்கில் 0.05 யூனிட். சாதாரண வண்டியில் அது அத்தனையும் பிரேக் தகட்டில் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைப்ரிடில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குள் தள்ளுகிறது. லட்சம் தாண்டிய வண்டியிலும் பிரேக் பேட் தடிமனாக இருப்பது அதனால்தான். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஹைரைடரின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். மாஞ்சோலை மாதிரி மலையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதே கார் விடுவிக்கும் ஆற்றல் மூன்றரை யூனிட். முதல் சில கொண்டை ஊசிகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும். பிறகு கணினி எஞ்சினை வெறுமனே சுழற்றி அதன் தடையால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எரியாமலே எஞ்சின் இரைவதைக் கேட்டு, வண்டியில் ஏதோ பழுது என்று அஞ்ச வேண்டாம்.

இனி பேட்டரி.

0.76 யூனிட் என்பது எத்தனை சிறியது என்பதைக் கவனியுங்கள். முழு மின்சாரக் கார்களில் முப்பது, நாற்பது யூனிட் பேட்டரிகள் உண்டு. ஹைப்ரிட் பேட்டரி தூரம் ஓடுவதற்காக வைத்ததல்ல; பிரேக்கில் கிடைப்பதை வாங்கி அடுத்த முடுக்கத்துக்குக் கொடுக்கும் இடைச்சேமிப்பு அது. அதன் ஆயுளுக்கு முதல் காரணம் அதை நிரப்பி வழியவிடாமலும் காலியாக்காமலும் கணினி காப்பதுதான். பழைய பிரியஸில் மின்னேற்றம் ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். முழுக்க நிரப்பி முழுக்கத் தீர்க்கும் கைப்பேசி பேட்டரி சில நூறு சுற்றுகளில் தளர்ந்துவிடுகிறது. குறுகிய எல்லைக்குள் ஆடும் பேட்டரி அதுபோலப் பல மடங்கு சுற்றுகளைத் தாங்கும்.

2011இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஒரு சோதனை செய்தது. ஏறக்குறைய 3.3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 2002 பிரியஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து, பத்தாண்டுகளுக்கு முன் தான் சோதித்த புதிய பிரியஸோடு ஒப்பிட்டது. அன்று லிட்டருக்குச் சுமார் 17.3 கிலோமீட்டர் கிடைத்தது. ஓடித் தீர்த்த வண்டியில் 17.2. ஒரே ஒரு வண்டியை வைத்து எல்லா வண்டிகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் லட்சம் கிலோமீட்டர் என்ற எண்ணிடம் மாயம் ஒன்றுமில்லை என்பதற்கு அது போதும்.

பேட்டரியைத் தின்பது வேறு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில், அதாவது பிரியஸிலும் ஹைகிராஸிலும் இருக்கும் வகையில், ஆண்டுகள் போகப்போக உள்ளிருக்கும் மின்பகுதிரவம் மெல்ல வற்றுகிறது, உள்தடை ஏறுகிறது. லித்தியம் அயனி பேட்டரியில், ஹைரைடரிலும் சிட்டியிலும் இருப்பதில், எதிர்மின்வாயின் மேல் ஒரு படலம் வளர்ந்துகொண்டே வந்து லித்தியத்தைச் சிறைபிடிக்கிறது. இரண்டும் வண்டி ஓடினாலும் நடக்கும், ஓடாமல் நின்றாலும் நடக்கும். வேதிவினைகளுக்குப் பொதுவான ஒரு தோராய விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஜப்பானியக் குளிரில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் பேட்டரி, மே மாதத்து நாங்குநேரியில் வெட்டவெளியில் கண்ணாடி ஏற்றி நிறுத்தப்பட்ட காருக்குள் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியே 38, 39 டிகிரி இருக்கும் மதியத்தில் காருக்குள் 60 டிகிரிவரை போகும்.

இதனால் எனக்கு ஒரு முடிவு தோன்றுகிறது; பலர் இதை ஏற்கத் தயங்குவார்கள். மூன்றரை ஆண்டில் ஒன்றேகால் லட்சம் ஓடிய ஹைரைடர் என்றால் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் அளவில் ஓடியிருக்கிறது. ஓடிய நேரமெல்லாம் ஏ.சி. போட்டிருப்பார்கள், பேட்டரி அந்தக் குளிர்ந்த காற்றைத்தான் சுவாசித்திருக்கும். மறுபக்கம், பெங்களூரு அருகே பிடதியில் 2013 முதல் பொருத்தப்பட்ட கேம்ரி ஹைப்ரிடுகள் இருக்கின்றன. பத்து ஆண்டு தாண்டிய கேம்ரி ஒன்று, ஐம்பதாயிரமே ஓடியது என்று ஆசைகாட்டினால், அதன் பேட்டரியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். 2008இல் வந்த சிவிக் ஹைப்ரிட், 2010இல் வந்த பிரியஸ் போன்றவை அரிதாகக் கண்ணில் பட்டால், அவற்றை ஆசைக்காக வாங்கலாம், தேவைக்காக வாங்க வேண்டாம்.

பேட்டரியின் மூச்சைப் பற்றிச் சொன்னேன். பல ஹைப்ரிடுகளில் பின்னிருக்கையை ஒட்டி ஒரு காற்றுத்துளை இருக்கும். உள்ளே ஒரு மின்விசிறி, முன்னால் ஒரு வடிகட்டி. பயணிகள் பையை அதன்மேல் சாய்த்து வைப்பார்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணில் ஓடிய வண்டியில் செந்தூசி அதை அடைத்திருக்கும். விசிறி இரையும், காற்று போகாது, பேட்டரி வெந்துகொண்டிருக்கும். வண்டி பார்க்கப் போகும்போது டார்ச் அடித்து அந்தத் துளையைப் பாருங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்த பதிவு சர்வீஸ் பில்லில் இருந்தால் அந்த உரிமையாளர் வண்டியைப் புரிந்து வைத்திருந்தவர். ஓடோமீட்டரைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்லும்.

தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நாங்குநேரி வட்டத்து மூலைக்கரைப்பட்டியிலேயே 60 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதி மிதந்தது. எத்தனையோ கார்கள் இருக்கைவரை தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகள் ஏலத்துக்குப் போய், கழுவித் துடைத்து, வேறு ஊரில் விற்பனைக்கு நிற்பது எந்த வெள்ளத்துக்குப் பின்னும் நடப்பதுதான். பெட்ரோல் வண்டி என்றால் எஞ்சினைப் பிரித்துக் கழுவி ஓரளவு மீட்கலாம். ஹைப்ரிடில் பேட்டரி பெரும்பாலும் பின்னிருக்கைக்குக் கீழேயோ டிக்கிக்கு அடியிலேயோ, அதாவது தண்ணீர் முதலில் சேரும் தாழ்வான இடத்தில் இருக்கிறது. செல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் சேற்றுநீர் பட்டால் பச்சை பூத்து அரிக்கத் தொடங்கும். உடனே தெரியாது. மாதங்கள் கழித்து, ஒரு மழைநாளில், மின்காப்பு குறைந்துவிட்டது என்று கணினி கண்டுபிடித்து வண்டியை நிறுத்திவிடும். நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் அமைப்பு அது. பிரியஸில் பேட்டரியின் 201.6 வோல்ட்டை 500க்கும் மேல் உயர்த்தித்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் கசிந்தாலும் ஓடவிடாது, ஓடவிடவும் கூடாது. ஆரஞ்சு நிற வயர்களை அந்த அமைப்பில் பயிற்சி பெறாத யாரும் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றின் கோடு இருந்தால் எந்தப் பாலிஷும் அதை மறைக்க முடியாது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் அங்கே தங்கும். இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, புது விரிப்பு, அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. காப்பீட்டு வரலாற்றில் 2023 கடைசியிலோ 2024 தொடக்கத்திலோ பெரிய கோரிக்கை இருந்தால், வண்டி எத்தனை மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஹைப்ரிடில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் எந்தச் சமாதானமும் ஏற்க மாட்டேன்.

ஓட்டிப் பார்ப்பதிலும் இந்த ஊருக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. சாரல் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காரின் மேல் காற்றுத்தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 80இல் போகும் கார் 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றைச் சந்தித்தால், தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் தடை பாதியளவுக்கு இறங்குகிறது. ஜூன், ஜூலையில் பணகுடியிலிருந்து திருநெல்வேலி நோக்கி ஓட்டிக்காட்டி, "பாருங்க, லிட்டருக்கு இருபத்தேழு" என்று திரையைக் காட்டினால் அந்த எண்ணில் காற்றின் பங்கும் இருக்கிறது. இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஹைரைடருக்கும் கிராண்ட் விட்டாராவுக்கும் சோதனைச்சாலை எண் 27.97. நான்குவழிச் சாலையில் நூறில் ஓட்டினால் அது கிடைக்காது, கிடைக்காததற்குப் பேட்டரி காரணமும் அல்ல. பிரேக் பிடிக்காத நேர்ச்சாலையில் திரும்பப் பெற ஆற்றல் ஏது? ஹைப்ரிட் தன் திறமையைக் காட்டுவது பாளையங்கோட்டை, நாகர்கோவில் நெரிசலில்தான்.

பேட்டரியைக் கருவியில்லாமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. நெரிசலில் ஓட்டும்போது திரையில் பேட்டரிக் கோடுகளைக் கவனியுங்கள். நிதானமாக ஏறி நிதானமாக இறங்கினால் நல்லது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் உச்சிக்குத் தாவி அடிக்கு விழுந்தால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. ஆனால் முடிவு எடுக்க ஸ்கேனர்தான் வேண்டும். பிரியஸில் 168 செல்களையும் 14 தொகுதிகளாகக் கணினி தனித்தனியே அளக்கிறது. நிக்கல் செல் ஒன்று 1.2 வோல்ட். ஒரு செல் செத்தால் அதன் தொகுதி மற்றவற்றைவிட அத்தனை வோல்ட் கீழே நிற்கும். சாகாமல் தளர்ந்திருந்தால், வேகம் பிடிக்கும்போது மட்டும் அந்தத் தொகுதி சரியும். எல்லாத் தொகுதிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பேட்டரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் இந்தச் சோதனையைச் செய்து தாளில் வாங்கித் தர விற்பவர் மறுத்தால் அதுவே உங்களுக்கு விடை.

மீட்டரைக் குறைப்பது பற்றியும் அங்கேயே தெரிந்துவிடும். வண்டி எண்ணைச் சொன்னால் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் அவர்கள் கணினியில் வரிசையாக இருக்கும். நேர்மையாக ஒன்றேகால் லட்சம் காட்டும் வண்டி, அறுபதாயிரம் காட்டும் திருகிய வண்டியைவிட எல்லா வகையிலும் மேல்.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் ஜப்பானில் ஓடி இறக்குமதியான பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் வாகனங்கள் சாதாரணக் குடும்பங்களின் கையில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நின்றது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் ஹைப்ரிடையே பிழைக்கவைக்க வேண்டிய நிலை. செல் மாற்றித் தரும் பட்டறைகளை அங்கே பார்க்கலாம். அந்த வேலையிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று: தளர்ந்த பேட்டரியில் செத்த தொகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேறு வண்டியின் தொகுதியைச் செருகினால், விளக்கு அணையும், வண்டி ஓடும். ஆனால் மற்றத் தொகுதிகளும் அதே வயதுடையவை. சில மாதத்தில் அடுத்த பலவீனமானது விழும். எல்லாத் தொகுதிகளையும் அளந்து, ஒத்த கொள்ளளவு உள்ளவற்றைச் சேர்த்துக் கட்டினால்தான் நிற்கும். ஆகவே "பேட்டரி புதுசா போட்டாச்சு" என்று சொன்னால், முழுப் பேட்டரியா, செல்லா, பில் எங்கே என்று கேட்க வேண்டும்.

கடைசியாகப் பணம். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் இந்தியாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. அதிகம் ஓடிய வண்டியின் விலை சரிவதற்கு உண்மையான காரணம் இதுதான்; 1.6 லட்சத்தில் பேட்டரியின் வேதியியல் திடீரென்று மாறுவதில்லை, காகிதத்தின் காலம் முடிகிறது. ஒன்றேகால் லட்சத்தில் வாங்கி ஆண்டுக்கு 15,000 ஓட்டுகிறவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தக் காகிதம் காப்பாக இருக்கும். உரிமை மாறினால் அது தொடருமா, வாடகைக்கு ஓடிய வண்டிக்கு நிபந்தனை வேறா என்று எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மாடலின் புதுப் பேட்டரி என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்தத் தொகையை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள். இன்னொரு பக்கம்: ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, லிட்டருக்கு 14 தரும் பெட்ரோல் காருக்குப் பதில் 22 தரும் ஹைப்ரிட் கிடைத்தால் 520 லிட்டர் மிஞ்சும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 52,000. மூன்று நான்கு ஆண்டில் அது பேட்டரிக்கான நிதியாகச் சேர்ந்துவிடும்.

ஓடுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு. களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் வாரம் ஒரு முறை, கல்யாணம் காட்சிக்கு ஒரு முறை என்று எடுப்பவர்களுக்கு ஹைப்ரிட் வேண்டாம் என்பேன். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை இயக்குவது ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி. வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அது இறங்கிவிடும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஹைப்ரிட் பேட்டரியே போய்விட்டது என்று வீடு பதறும், வண்டியை டோ செய்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுபோகும். போய்ப் பார்த்தால் மாற்ற வேண்டியது அந்தச் சின்னப் பேட்டரி மட்டும்தான்.